ஆகார் கண்ட கிணறு

(நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடுதிக்கு வந்து படித்தவர்கள் சார்பில் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். 'தேவ அன்பு' என்று தலைப்பும் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பேசுவது சுலபம். மே மாதத்து மழையில் அதை நம்புவதுதான் எங்கள் வீடுகளில் கஷ்டமாயிருந்தது.

இறப்பர்த் தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டைப் பாலும் கழுவுண்டு போகும். வெட்டு இல்லாத நாளில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அம்மாமார் தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் விடுதிக் காசு கட்டினார்கள். 1973, 74 பஞ்சத்தில் அடகு வைக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வருஷம் மாலை ஜெபத்தில் எங்களில் ஒருத்தி, "டீச்சர், கர்த்தருக்கு எங்கள் லயம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் அதட்டவில்லை. ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார்.

ஆகார் எகிப்து தேசத்தவள். பிறர் வீட்டில் வேலை செய்தவள். எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். அங்கே தன்னைத் தேடி வந்த கடவுளுக்குத் தானே ஒரு பெயர் வைக்கிறாள்: தன்னைக் காண்கிறவர். ஆபிரகாம் அல்ல, அந்த வேலைக்காரி வைத்த பெயர் அது. திரும்பிப் போய் அதே எஜமானிக்கு அடங்கியிரு என்று தூதன் சொல்லும் இடம் எங்களுக்கு இன்றைக்கும் நெருடுகிறது. அதை மறைத்துப் பேச மாட்டோம்.

21ஆம் அதிகாரத்தில் அவள் பிள்ளையோடு துரத்தப்படுகிறாள். துருத்தியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. பிள்ளை சாவதைப் பார்க்க மனமில்லாமல் தூரப் போய் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது வானத்திலிருந்து தண்ணீர் கொட்டவில்லை. அவள் கண் திறக்கிறது, கிணறு தெரிகிறது.

எங்கள் கிணறுகளும் அப்படித்தான். ஒரு தவணைக் காசை யாரோ கட்டியிருந்தார்கள். யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, எங்களில் சிலரைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் சிங்கள அயலவர்கள். எரித்தவர்களையும் கடவுள் கண்டுகொண்டுதானே இருந்தார் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அதற்குப் பதில் எங்களிடம் இல்லை. அந்தச் சோற்றை மட்டும் மறக்க முடியவில்லை.

இன்னுமொன்று. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் எங்கள் வகுப்புத் தோழிகளும் போனார்கள். தலைமன்னாருக்குப் போன கோச்சியை 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகத்தில் சொன்னார்கள். கோத்தகிரி, கூடலூர் என்று கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. இந்த மலர் அவர்களில் யார் கைக்காவது போகுமென்றால், நாங்கள் இன்னும் உங்கள் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பழைய வரவுப் புத்தகத்திலிருந்து அந்தப் பெயர்களை எழுதி வந்திருக்கிறோம். ஜெபத்துக்கு முன் வாசிக்கிறோம். தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.