காரணம் தெரியாத வலி

2017-ஆம் ஆண்டில் என் மகளுக்குப் பதினொரு வயது. பள்ளி திறந்து இரண்டு திங்கள் ஆனபோது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து ஒரு வாரம் படுத்திருந்தாள். அந்நோய் நீங்கியது; வயிற்றுவலி மட்டும் நீங்கவில்லை. காலையில் சீருடை அணிந்து, புத்தகப் பையை எடுக்கும் வேளையில், தொப்புளின்மேல் கையை வைத்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்துவிடுவாள்.

என் தாயார் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினார்; ஓமநீர் கொடுத்தார்; திருஷ்டியும் கழித்தார். அண்டை வீட்டார் குடலேற்றம் என்றனர். மருத்துவர் இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவற்றைச் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். பின்பு, “ஒரு குறையும் இல்லை” என்றார்.

அச்சொல் எனக்கு மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும், ஐயத்தையே தந்தது. ஒரு நாள் காலை, “பள்ளிக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாயா?” என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை, பள்ளிக்குச் சென்றாள். அதன்பின் வலியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. வலி தீர்ந்தது என்று நான் எண்ணினேன். ஒரு மாலை, அவள் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கணக்கு எழுதுவதைக் கண்டேன். வலி தீரவில்லை, என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தியிருந்தாள்.

மறுநாளே குழந்தை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின் அவளிடம் கூறிய முதற்சொல், “உன் வலி உண்மையானது” என்பது. அவள் கண் கலங்கியது. நானோ தலை கவிழ்ந்தேன்.

அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையோடு இடையறாது செய்தி பரிமாறுகின்றன. தேர்வு மண்டபத்தின் வாயிலில் வயிறு கலங்குவதை நீங்களே அறிவீர்கள் அல்லவா? சில குழந்தைகளுக்கு, ஒரு நோய்க்குப் பின்போ கவலையினாலோ, இந்நரம்புகள் மிகுந்த கூர்மை அடைந்துவிடுகின்றன. வானொலியில் ஒலியை அளவுக்கு மேல் கூட்டினால் மெல்லிய பேச்சும் காதைத் துளைக்கும். அதுபோலக் குடலின் இயல்பான அசைவும் வலியாகத் தோன்றுகிறது. வானொலிப் பெட்டியில் பழுதில்லை, ஒலியளவுதான் மிகுந்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததன் காரணம் இதுவே.

இது அரிய துன்பமும் அன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் ஜான் ஆப்லியும் நோரா நேய்ஷும் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது.

ஆயினும் எல்லா வலியையும் இவ்வகையில் சேர்த்துவிடலாகாது. எடை குறைதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, விடாத காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வலி, வலப்புற அடிவயிற்றில் நிலைக்கும் வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

எங்கள் வீட்டில் வழக்கங்களை மாற்றினோம். “வலிக்கிறதா?” என்று ஓயாமல் கேட்பதை விட்டோம். உணவுக்கும் உறக்கத்துக்கும் நேரம் வகுத்தோம். வயிறு மெல்ல ஏறி இறங்குமாறு மூச்சு விட அவள் பழகினாள். முதலில் அரைநாள், பிறகு முழுநாள் பள்ளிக்குச் சென்றாள். வலி வந்தால் பத்து நிமிடம் ஓய்வெடுத்து வகுப்புக்குத் திரும்ப ஆசிரியை இசைந்தார். வலி தீர்ந்தபின் வாழலாம் என்று காத்திருக்கவில்லை. வாழத் தொடங்கியபின் வலி குறைந்தது. ஆறு திங்களில் பள்ளிக்குச் செல்லாத நாள் அரிதாயிற்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் தோழர் ஒருவர் இருக்கலாம். அவரை நகையாடாதீர்கள். உங்களுக்கே அவ்வலி இருப்பின் மறைக்காதீர்கள். காரணம் தெரியாத வலி பொய்யான வலி அன்று.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தேர்வுக் காலத்தில் எப்போதேனும் வலி வருவதுண்டு. அப்போது, “அப்பா, இன்று கொஞ்சம் வலிக்கிறது” என்று என்னிடம் சொல்கிறாள். சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் புறப்படுகிறாள்.