அயற்சபையின் திருவிருந்து



உறவினரின் திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ வேறொரு கிறிஸ்தவ சபையின் கோவிலுக்கு நாம் செல்வதுண்டு. திருவிருந்து வேளையில் அருகிலிருப்போர் எழுந்து பீடத்தை நோக்கிச் செல்வர். நாமும் செல்லலாமா என்னும் கேள்வி அப்பொழுது எழுகின்றது.

இதற்கு எல்லாச் சபைகளும் ஒரே விடை பகர்வதில்லை. மெதடிஸ்த சபையும் தென்னிந்திய திருச்சபையும் பிற சபைகளில் திருவிருந்து பெறுவோரைத் தம் பந்தியில் ஏற்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபையும் 1972ஆம் ஆண்டில் அத்தகையோருக்கு வழி திறந்தது. கத்தோலிக்க திருச்சபையோ, 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 844ஆம் விதிப்படி, மரண ஆபத்துப் போன்ற கடுந்தேவையில் மட்டும், பல நிபந்தனைகளுடன், சீர்திருத்த சபையாருக்கு நற்கருணை வழங்க இடமளிக்கின்றது. கிரேக்க வைதிகத் திருச்சபை தன் அங்கத்தவருக்கே திருவிருந்தை வழங்கும். எனினும் வழிபாட்டின் முடிவில் ஆசீர்வதிக்கப்பட்ட அப்பத்தை விருந்தினருக்கும் கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

மறுப்போர் அன்பில்லாமையால் மறுக்கின்றார்கள் என எண்ணுதல் தவறு. ஒரே அப்பத்தில் பங்குபெறுதல், ஒரே விசுவாசத்திலும் ஒரே திருச்சபையிலும் இணைந்துள்ளோம் என்பதற்குச் சாட்சி என அவர்கள் கருதுகின்றனர். இணையாதிருக்கும்போது இணைந்தவர்போல் நடந்தால் அச்சாட்சி மெய்யாகாது என்பது அவர்கள் வாதம். பந்தி ஆண்டவருடையது, அதுவே பிரிந்தோரைச் சேர்க்கும் என்பது மற்றையோர் வாதம். இரு சாராரும் திருவிருந்தைப் பெரிதாக மதிப்பதனாலேயே இவ்வாறு வேறுபடுகின்றனர்.

ஆயினும் இப்பிரிவின் வேதனை பெரிது. வீட்டிலே ஒரே பானைச் சோற்றை உண்ணும் கணவனும் மனைவியும் கோவிலிலே ஒருவர் எழ, ஒருவர் அமர்ந்திருக்க நேரிடுகின்றது. இதனை விதியை மறைவாக மீறித் தீர்க்க இயலாது. 1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிலே தொடங்கிய ஐக்கிய முயற்சி, 28 ஆண்டுகள் பேசிப் பொறுத்த பின்னரே, 1947 செப்டம்பர் 27ஆந் திகதி சென்னையில் தென்னிந்திய திருச்சபையாக உருப்பெற்றது. நமது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழிவந்த சபையும் அதில் இணைந்தது. சபாபதி குலேந்திரன் அவர்கள் அதன் முதல் அத்தியட்சராயினார். பந்தி ஒன்றானது பொறுமையினால்.

ஆதலின், அயற்சபைக்குச் செல்வோர் அங்குள்ள குருவானவரை முன்னரே வினவுதல் நன்று. அழைத்தால், தமது சபையின் ஒழுங்கையும் எண்ணிப் பார்த்து, பயபக்தியுடன் செல்லலாம். அழைக்கப்படாவிடின் மனக்கசப்பின்றி அமர்ந்து, பிரிந்த சபைகள் ஒன்றாகும்படி செபிக்கலாம். அழைப்போருக்கும் ஒரு கடமையுண்டு. விருந்தினர் சபை நடுவே நாணி நிற்காதபடி, தம் ஒழுங்கு இன்னதென்று ஆராதனைக்கு முன்னரே கனிவுடன் அறிவித்தல் வேண்டும். விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் நமக்கு, வீட்டாரின் ஒழுங்கை மதிப்பதும் விருந்தினரின் உள்ளத்தைக் காப்பதும் புதியன அல்லவே.