நூல் பிடித்தல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் மேசன் வேலையும் தச்சு வேலையும் பேச வந்துவிட்டாரே இவர் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நன்னூல் என் பக்கம் இருக்கிறது. நூல் என்ற சொல்லுக்குப் பவணந்தி முனிவர் பாயிரத்தில் இரண்டு உவமைகள் தருகிறார். ஒன்று, பஞ்சிலிருந்து இழை நூற்பது. மற்றையது, மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் பிடிக்கின்ற நூல். புத்தகம் என்றால் என்ன என்று மாணாக்கனுக்கு விளக்க வந்த இலக்கண ஆசிரியர், கைவினைஞரையே சாட்சிக்கு அழைக்கிறார். இதனை மனனம் செய்விக்கின்ற நாம், ஓடாவியின் மகன் வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள் எங்கள் கரையோர ஊர்களில் விசித்திரமானவை. பிள்ளை வீட்டில் இருக்கிறான், வாப்பாவுக்குக் கவலை, உம்மாவுக்கு நம்பிக்கை. உயர்தரம், பல்கலைக்கழகம் என்ற ஒரே பாதையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது இப்பிரதேசத்திற்குக் கிடைத்த பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயர்தரம் எழுதும் எல்லோருக்கும் அங்கே ஆசனம் இல்லை என்பது பெற்றோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

பயிலுனர் முறை நமக்குப் புதியதன்று. மருதமுனைக் கைத்தறிகளை எண்ணிப் பாருங்கள். தார் சுற்றிக் கொடுப்பதில் தொடங்கி, பாவு ஓட்டப் பழகி, அறுந்த இழையைப் பிணைக்கக் கற்று, பின்னரே ஒருவர் தறியில் அமர்வார். அதற்குப் பாடத்திட்டம் இல்லை; ஆனால் படிமுறை இருந்தது. மேசன் பாஸ், கராஜ் பாஸ் என்கிறோமே, அந்தப் ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். தலைவன் என்று பொருள். கைத்தொழில் தெரிந்தவனைத் தலைவன் என்று அழைத்துக்கொண்டே, அவனிடம் மகனை அனுப்ப வெட்கப்படுகிறோம்.

2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீடு கட்டத் தொடங்கியபோது அந்தத் தலைவனின் பெறுமதி தெரிந்தது. தேர்ந்த மேசனுக்கும் ஓடாவிக்கும் காத்துக்கிடந்தோம்.

பழைய முறையில் ஒரு குறை உண்டு. இருபது வருடம் வேலை செய்தவனிடமும் ஒரு கடதாசி இராது. கட்டாருக்கோ துபாய்க்கோ போகிறபோது அவன் வெறும் கூலியாளாகவே எண்ணப்படுவான். இதற்கொரு வழி நாட்டில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பயிலுனர் சபை தோன்றியது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் பின் அதுவே தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாயிற்று. வேலைத்தலத்திலேயே பயிற்சி பெறலாம். தேசிய தொழிற்தகைமை என்ற ஏணிக்கு ஏழு படிகள். நான்காவது முழுமையான தொழிற்சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்திற்குச் சமம். ஏற்கனவே தொழில் தெரிந்தவரையும் சோதித்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். மகனுக்கு மட்டுமல்ல, வாப்பாவுக்கும் அது பயன்படும். மகளுக்கும்தான், பெண்பிள்ளை என்றதும் தையல் வகுப்போடு நின்றுவிடுகிறோமே, அது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

சரி, இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை? இருக்கிறது. பயிலுனராகச் சேர்பவன் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறான். எவ்வளவு காலம், என்ன கொடுப்பனவு, எத்தனை மணிநேர வேலை என்பதை வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டும். வேலைத்தலத்தில் நாளாந்தக் குறிப்பு எழுத வேண்டும். நாமோ பத்து வருடமாக அவனுக்குக் ‘கல்வியின் சிறப்பு’, ‘நிலாக்கால இரவு’ என்றே கட்டுரை எழுதக் கொடுத்திருக்கிறோம்.

ஒருமுறை பதினோராம் வகுப்பில், உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை, தெரியாத ஒருவர் வாசித்துச் செய்யக்கூடியதாக எழுதுங்கள் என்றேன். “சேர், இது சோதினைக்கு வருமா?” என்று கேட்டான் ஒருவன். வராது என்றேன். கட்டுரையில் ஒருபோதும் அரைப்புள்ளி தாண்டாத மாணவனொருவன், சைக்கிள் டியூப்பில் ஓட்டை தேடுவதை எழுதியிருந்தான். காற்றடித்துத் தண்ணீர்ப் பேசினில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடத்தைப் பென்சிலால் குறிப்பது, ஈரம் போகத் துடைத்த பிறகே உரஞ்ச வேண்டும் என்பது, பசை பூசியதும் ஒட்டாமல் சற்றுப் பொறுக்க வேண்டும் என்பது. மிகைச்சொல் ஒன்றுகூட இல்லை. அந்த வருடம் நான் வாசித்த நல்ல உரைநடை அதுவே.

கைத்தொழிலும் தமிழும் இரண்டு உலகம் என்பார்க்குக் காரைதீவைக் காட்டுவேன். அங்கு 1892இல் பிறந்த மயில்வாகனனார் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதருமானார். பின்னாளில் விபுலாநந்த அடிகளாக, மறைந்துபோன யாழின் வடிவையும் சுருதியையும் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூலை’ வெளியிட்டார். பண்டிதரின் தமிழும் விஞ்ஞானியின் கணக்கும் ஒருவரிடம் சேர்ந்ததாலேயே அந்நூல் பிறந்தது என்பது என் கருத்து.

இந்த விடுமுறையில் பட்டறைக்கோ கராஜுக்கோ போகும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். “இன்று பாஸுக்கு உதவி செய்தேன்” என்று முதல் நாள் எழுதுவான். என்ன உதவி என்று கேளுங்கள். “கதவு நிலைக்குப் பலகை இழைத்தேன்” என்பான். என்ன மரம், எத்தனை அங்குலம், எங்கே பிழைத்தது என்று மறுபடியும் கேளுங்கள். பத்தாம் நாள் நீங்கள் கேட்க வேண்டியிராது.