முடிவு தெரிந்த சண்டை



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்தப் பதினைந்து நிமிடங்களில் மல்யுத்தம் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, தயாரிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அதிலும் ஒலிம்பிக் மல்யுத்தமல்ல. அமெரிக்காவில் கயிறு கட்டிய மேடையில், பளபளக்கும் காற்சட்டையோடு மலைபோன்ற மனிதர்கள் ஒருவரையொருவர் தூக்கி எறிவார்களே, எங்கள் பிள்ளைகள் 'றெஸ்லிங்' என்று சொல்வார்களே, அதைப் பற்றி. வெல்பவர் யார், தோற்பவர் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து ஆடும் ஆட்டம் அது. 1989 ஆம் ஆண்டில் அந்தக் கம்பனிக்காரரே நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபைக்கு, இது போட்டியல்ல, பொழுதுபோக்குக் காட்சிதான் என்று தெரிவித்துவிட்டார்கள். விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் இல்லாமற்போகும் அல்லவா?

அதே 1989 இல்தான் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் இருந்தோம். என் தாயார், அக்கா, அக்காவின் மகன் எல்லோரும் ஒன்றாக. அத்தான் ரொறன்ரோவில். அவர்களைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் வரும்வரை மகனுக்கு ஏதாவது அனுப்பிக்கொண்டிருப்பார். ஒருமுறை வந்தது ஒரு வீடியோ கசற். வட அமெரிக்க முறையில் பதிந்தது ஆகையால் எங்கள் டெக்கில் நிறம் வரவில்லை. ஹல்க் ஹோகனின் மஞ்சள் காற்சட்டை எங்கள் வீட்டில் சாம்பல் நிறமாகவே இருந்தது.

அந்தக் கசற்றில் இருந்தது 1987 மார்ச் 29 ஆம் திகதி, மிச்சிக்கன் மாநிலத்தின் பொன்ரியாக் நகரில் நடந்த மூன்றாவது 'றெஸ்ல்மேனியா'. கூரை போட்ட பெரிய விளையாட்டரங்கு. 93,173 பேர் என்று அறிவித்தார்கள். 78,000 அளவில்தான் இருந்திருக்கும் என்று பின்னர் எழுதியவர்களும் உண்டு. எதுவாயினும், வாசலிலிருந்து மேடைவரை அத்தனை தூரம் என்பதால் வீரர்களைச் சின்ன வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் ஹோகன். மறுபக்கம் பிரான்சில் பிறந்த அன்ட்ரே என்ற இராட்சத மனிதர். 520 இறாத்தல் என்று அறிவிப்பாளர் சொன்னார். பதினைந்து வருடமாகத் தோல்வியே காணாதவர், அவரைத் தூக்கி எறிந்தவர் ஒருவருமில்லை என்றும் சொன்னார்கள். அது சரியல்ல. 1980 இல் நியூயோர்க்கில் ஹோகனே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறார். கதைக்கு வேண்டியபடி பழைய கணக்கை அழித்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியவுடனேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்த்து முடியாமல் அடியில் விழுந்தார். அதன் பின்னர் அதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் மந்தமான ஆட்டம். அன்ட்ரேயின் முதுகு அந்நேரம் சத்திரசிகிச்சை செய்த முதுகு. உடுப்புக்குள் பட்டி கட்டியிருந்தார். ஆனாலும் சனம் இருக்கையில் இருக்கவில்லை. என் மருமகனும் இருக்கவில்லை.

"மாமா, இப்ப தூக்குவார் பாருங்கோ" என்றான்.

நான் அப்போது பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தும் வியாதி எனக்கு இருந்தது. "இதெல்லாம் பொய்யடா, முதலே பேசி வைச்சுத்தான் அடிபடுறாங்கள்" என்றேன். பையனின் முகம் சுருங்கிப் போயிற்று. என் தாயார் திரும்பிப் பார்த்தார்.

"அரிச்சந்திரன் கூத்திலை மட்டும் உண்மையாவே பிள்ளை செத்துக் கிடக்குதே? பேசாமல் பார்."

நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கோயில் வீதிகளில் எத்தனை தடவை பார்த்தாரோ, அவருக்கே கணக்குத் தெரியாது. முடிவு தெரியாத ஒருவரும் அங்கே பாயில் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அழுதார்கள். எனக்குப் பதில் வரவில்லை. திரையில் ஹோகன் தூக்கினார். என் தாயார், சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி, பெரிதாகக் கத்திவிட்டார்.

அந்தத் தூக்குதலில் ஒரு இரகசியம் உண்டு. தூக்கப்படுபவர் தன் பாரத்தைச் சரியான நேரத்தில் மாற்றிக் கொடுக்காவிட்டால் அவ்வளவு பெரிய உடலை ஒருவராலும் தூக்க இயலாது. நோயோடு வந்த அன்ட்ரே தோற்பதற்குச் சம்மதித்தார். தோற்பதற்கு உதவியும் செய்தார். 1993 ஜனவரியில் அவர் காலமானார்.

அன்றைக்கு அதே மேடையில் றண்டி சவேஜ், றிக்கி ஸ்டீம்போட் என்ற இருவர் ஆடிய ஆட்டத்தைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் உயர்த்திச் சொல்வார்கள். சவேஜ் ஒவ்வொரு அசைவையும் முதலிலேயே எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு ஆடியவர். அருமையான ஆட்டம்தான். ஆயினும் எனக்கு அது பாடமாக்கி ஒப்புவித்த பேச்சுப்போலவே தோன்றுகிறது. என் ருசி வேறு. சனத்தின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு, அதற்கேற்ப வளைந்து போகும் ஆட்டங்களையே நான் விரும்புகிறேன்.

அப்படியொன்று 1997 மார்ச் 23 இல் சிக்காகோவுக்கு அருகே நடந்தது. பிரெட் ஹார்ட் கனடாக்காரர், கண்ணியமான நாயகன். ஸ்டீவ் ஒஸ்ரின் ரெக்சஸ்காரர், வாயாடி, வில்லன். ஒருவர் 'போதும்' என்று சொல்லும்வரை ஆட்டம் ஓயாது என்பது நிபந்தனை. ஆனால் அதற்கு முன்னரே பல ஊர்களில் வில்லனுக்குக் கைதட்டல் விழத் தொடங்கியிருந்தது. கம்பனிக்காரர் அதைக் கவனித்தார்கள். இருவரின் பாத்திரங்களையும் ஒரே ஆட்டத்தில் இடம் மாற்றத் துணிந்தார்கள். யோசித்துப் பாருங்கள் நேயர்களே, கூத்து நடந்துகொண்டிருக்கும்போதே இராமனும் இராவணனும் வேடம் மாற்றிக்கொள்வது! அதுவும் திரை போடாமல், சபை முன்னிலையில்.

கடைசிக் கட்டத்தில் ஹார்ட், ஒஸ்ரினின் கால்களைப் பின்னி, குப்புறப் புரட்டி, முதுகை வளைத்து அமர்ந்துகொண்டார். ஒஸ்ரினின் நெற்றி பிளந்து இரத்தம் முகமெங்கும் வடிகிறது. பல்லிடுக்கிலும் இரத்தம். மத்தியஸ்தர் கென் ஷாம்றொக் குனிந்து கேட்கிறார். ஒஸ்ரின் கதறுகிறாரே தவிர, 'போதும்' என்ற அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒரு தடவை உடலை உன்னி ஏறத்தாழ விடுபட்டுவிட்டார். அந்தக் கணத்தில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் எத்தனையோ பேர் வசை சொன்ன மனிதன் அவர். பிடி தளரவில்லை. மயங்கிப்போனார். தீர்ப்பு ஹார்ட்டுக்கு. வென்ற ஹார்ட், மயங்கிக் கிடந்தவரை மேலும் அடித்தார். ஷாம்றொக் இழுத்து எறிய, கூச்சலுக்குள் வெளியேறினார். ஒஸ்ரின் உதவிக்கு வந்த கையைத் தட்டிவிட்டுத் தானாகவே நொண்டி நடந்தார். அரங்கு அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே வருடம் ஜூலை 6 ஆம் திகதி, ஹார்ட்டின் சொந்த ஊரான கல்கரியில் இவ்விருவரும் கூட்டாளிகளோடு மோதியபோது நடந்தது முழுக்க வேறு. அமெரிக்காவில் கூச்சலிட்டுத் துரத்தப்பட்ட ஹார்ட் அங்கே ஊர்ப்பிள்ளை. வென்றபின் குடும்பமே மேடையேறியது. மனிதன் ஒருவன்தான், ஆட்டமும் அதேதான். எல்லைக்கு அந்தப் பக்கம் துரோகி, இந்தப் பக்கம் வீரன். எங்களுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

இனி 2002 க்கு வருகிறேன். அக்காவும் மருமகனும் 1990 இலேயே கனடாவுக்குப் போய்விட்டார்கள். 2002 மார்ச் 17 இல் ரொறன்ரோவின் ஸ்கைடோம் அரங்கில் 68,237 பேர் முன்னிலையில் நடந்த பதினெட்டாவது றெஸ்ல்மேனியாவுக்கு மருமகன் போயிருந்தான். இருபத்துமூன்று வயது. கிழமை நாள் ஒன்றில் எனக்குத் தொலைபேசி எடுத்தான். குரல் கட்டிப்போய், யாரோ வயதான ஆள் என்றே முதலில் நினைத்தேன்.

அன்றைய பெரிய ஆட்டம் 'த ரொக்' என்ற டுவெய்ன் ஜோன்சனுக்கும் ஹல்க் ஹோகனுக்கும். ஜோன்சன் அந்நாளில் எல்லோருக்கும் பிடித்தவர். ஹோகனுக்கு 48 வயது. வில்லன் கோஷ்டி ஒன்றோடு சேர்ந்து, ரொக் கிடந்த அம்புலன்சை லொறியால் மோதினார் என்றெல்லாம் கதை கட்டியிருந்தார்கள். மஞ்சள் இல்லை. கறுப்பும் வெள்ளையும் அணிந்து வந்தார்.

"எங்கடை வெள்ளவத்தை ரி.வி.யிலை வந்த மாதிரியே வந்தார் மாமா" என்றான்.

வசை சொல்லவேண்டிய சனம் எழுந்து நின்று கைதட்டியது. இருவரும் எதிரெதிரே நின்று, முதலில் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மறுபக்கம். தொடவேயில்லை. அந்தச் சத்தத்தை அனுபவித்துக்கொண்டு நின்றார்கள். ஹோகன் தள்ளி ரொக் விழுந்ததும் ஏதோ போர் வென்றதுபோல ஆரவாரம். நாயகனாகிய ரொக் அடித்தால் கூச்சல். எழுதி வைத்த கதை முதல் நிமிடத்திலேயே தலைகீழாயிற்று. இங்கேதான் அந்த இருவரின் கெட்டித்தனம். அவர்கள் சனத்தோடு சண்டை பிடிக்கவில்லை. ரொக் மெல்லமெல்ல வில்லனின் சாடைக்கு மாறினார். ஹோகன் பழைய நாயகனானார். அடி வாங்கியும் வலிக்காததுபோலத் தலையை ஆட்டும் பழைய சேட்டைகள் எல்லாம் திரும்பின. முடிவு மட்டும் மாறவில்லை. ரொக் வென்றார். தோற்றவருக்காக அரங்கு எழுந்து நின்றது. பின்னர் ரொக்கே, சபைக்கு முன் பழையபடி புஜத்தைக் காட்டி நிற்கும்படி ஹோகனைக் கேட்டுக்கொண்டார்.

"நான் ரொக்குக்குக் கத்தத்தான் போனனான் மாமா. தொண்டை அடைச்சது ஹோகனுக்கு" என்றான் மருமகன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் அண்டைக்குப் பொய் எண்டு சொன்னனீங்கள். எனக்கு அது முதலே தெரியும். அம்மம்மாவுக்கும் தெரியும்" என்றான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று பதின்மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது.

சனம் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் என்னவாகும் என்பதை 2020 காட்டியது. கொரோனாக் காலத்தில், ஏப்ரல் 4, 5 ஆம் திகதிகளில் ஒளிபரப்பான றெஸ்ல்மேனியாவை ஒர்லாண்டோவிலுள்ள பயிற்சிக் கூடமொன்றில், சனம் இல்லாமல், முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்தார்கள். அடிகள் அதே அடிகள்தான். விழும்போது பலகை அதிர்வது கேட்டது. மூச்சு வாங்குவது கேட்டது. இரகசியமாகப் பேசிக்கொள்வதும் கேட்குமோ என்று எனக்கே பயமாயிருந்தது. கோயில் வீதியில் ஆளில்லாமல் சந்திரமதி ஒப்பாரி வைப்பதை நினைத்துப் பாருங்கள். (இந்த அடைத்த அறையில், நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் பேசும் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் அனுதாபமும் வந்தது.) அடுத்த ஆண்டு ஏப்ரலில் தம்பா நகரில் ஏறத்தாழ 25,000 பேரை உள்ளே விட்டார்கள். தொடங்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சனம் காத்திருந்தது.

சனம் மறப்பதுமில்லை. 2015 இல் ஹோகன் கறுப்பின மக்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவொன்று வெளிவந்தது. கம்பனி அவரை விலக்கி, 2018 இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2024 இல் அரசியல் மேடையிலும் ஏறினார். 2025 ஜனவரி 6 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதி அரங்கொன்றில் கையசைத்தபடி வந்தபோது, வாய் திறக்க முன்னரே கூச்சல். இந்தத் தடவை அதைக் கேட்டு ஆட்டத்தை மாற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கூச்சலை நான் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கக் கஷ்டமாயிருந்தது.

அதே வருடம் ஜூலை 24 இல், 71 வயதில் ஹோகன் இறந்தார். அன்றிரவு மருமகன் கூப்பிட்டான். அவனுக்கும் நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

"மாமா, அந்தக் கசற் இருக்கோ?"

இருந்தது. அலுமாரியில், என் தாயாரின் சேலைகளுக்குக் கீழே, பூஞ்சணம் பிடித்து. டெக்தான் எப்போதோ பழுதாகிப் பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. இனி எதற்கு, இன்ரநெற்றில் முழுவதும் நிறத்தோடு பார்க்கலாமே என்றேன்.

"பார்த்தனான் மாமா, நல்ல மஞ்சளாத்தான் இருக்கு" என்றான். "ஆனால் தூக்கிற இடத்திலை அம்மம்மாவின்ரை சத்தம் இல்லை."