தேயிலைச் சக்கையும் சாயநீரும்



மலைநாட்டிலே வாழும் நமக்குச் சாயம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தேயிலைச் சாயந்தான். கொதிநீரில் இட்ட தேயிலை தன் நிறத்தை நீருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையாகிறது. அச்சக்கையை நாம் குப்பையிற் கொட்டுகிறோம். ஆயின், நிறத்தைக் கொடுத்த அதே சக்கை, வேறொரு நீரிலுள்ள நிறத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளவும் வல்லது என்பதைப் பலர் அறியார்.

இதனைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்து பார்க்கலாம். சக்கையை நீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து, இனி நிறம் இறங்காது என்னும் நிலை வந்ததும் உலர்த்திச் சலித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு செய்யாவிடில் நீல நீர் தெளிவதற்கு மாறாகப் பழுப்பாகிவிடும். பின்னர், மெதிலீன் நீலம் சிறிதளவு கரைத்த நீரில் அதனை இட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் வைத்து வடித்தால், நீலம் பெரும்பாலும் நீங்கியிருக்கக் காண்போம்.

இந்நிகழ்ச்சிக்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர். பஞ்சு நீரை உள்ளே வாங்குவது போன்றதன்று இது. சாயத் துணிக்கைகள் சக்கையின் மேற்பரப்பிலே பற்றிக்கொள்கின்றன. மெதிலீன் நீலம் நேரேற்றம் உடையது. சக்கையின் நார்ப்பொருள்களோ நீரில் எதிரேற்றம் பெறுகின்றன. ஆகவே ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மரக்கரி கரைசல்களின் நிறத்தை அகற்றும் என்பதை 1785 ஆம் ஆண்டிலேயே உருசிய நாட்டில் வாழ்ந்த லோவிட்ஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். உயிர்ப்பூட்டிய கரி விலை மிகுந்தது. ஆதலால் மரத்தூள், உமி, தும்பு, தேயிலைக் கழிவு ஆகிய மலிவான பொருள்களை அதற்கு ஈடாகப் பயன்படுத்த இயலுமா என்று பல நாடுகளிலும் ஆராய்ந்து வருகின்றனர்.

இதன் தேவையை உணர, நம் முன்னோர் பலர் விட்டுவந்த தமிழகத்தை நோக்குவோம். வெள்ளியங்கிரி மலையிற் பிறக்கும் நொய்யல் ஆறு, பின்னலாடைக்குப் பேர்பெற்ற திருப்பூரைக் கடந்து காவிரியிற் கலக்கிறது. பாசனத்துக்கென்று அவ்வாற்றிற் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. பயிருக்கு வேண்டிய நீரே பயிரைக் கெடுக்கக் கண்ட உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையைச் சாய ஆலைகள் எய்தவேண்டும் என்று 2006 இல் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. அது நிறைவேறாமையால், 2011 சனவரியில் ஆலைகளை மூட ஆணையிட்டது.

அங்ஙனமாயின், மூட்டை மூட்டையாகத் தேயிலைக் கழிவை அனுப்பினால் நொய்யல் தெளிந்துவிடுமா? தெளியாது. பருத்தித் துணிக்கு அங்கே பெரிதும் பயன்படும் சாயங்கள் எதிரேற்றம் உடையன. நீரை அமிலமாக்கினாலன்றிச் சக்கை அவற்றை நன்கு பற்றாது. அதனினும் பெரிய தடை உப்பு. சாயம் துணியில் ஏறுவதற்காக மிகுதியான உப்பைச் சேர்க்கின்றனர். உழவரின் நிலத்தைப் பாழாக்கியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

மேற்சொன்ன பரிசோதனையிலே ஒரு கரண்டி உப்பையும் கரைத்துப் பாருங்கள். நீலம் நீங்கித் தெளிந்த நீரைத் தட்டிலிட்டு வற்றவைத்தால், வெண்ணிற உப்பு எஞ்சிநிற்கும். நிறமற்ற நீர் எல்லாம் தூய நீர் அன்று என்பதற்கு அந்தத் தட்டே சான்று. உப்பைப் பிரிக்க நுண்சவ்வுகளும் ஆவியாக்கும் கலங்களும் வேண்டும். அவற்றுக்குச் செலவு அதிகம். நீலம் ஏறிய சக்கையையும் தோட்டத்தில் வீசலாகாது. மழை பெய்தால் சாயம் மீண்டும் ஓடைக்கே செல்லக்கூடும்.

ஆகவே, சிறு சாயத்தொட்டியின் நீரிலே நிறத்தைக் குறைக்கும் முதற்படியாக மலிவான சக்கை உதவலாம். முழுப் பரிகாரம் ஆகாது. மகாவலியும் களனியும் நம் மலைகளிலே ஊற்றெடுத்துச் சமவெளிக்கு இறங்குகின்றன. நீரின் தலைமாட்டில் வாழும் நாம், அதன் தெளிவை மட்டும் கண்டு மனநிறைவு அடையாமல், அதில் கரைந்திருப்பது யாது என்று வினவவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.