பசளையின் கரைதிறனை அளந்தறிதல்

(பள்ளிவாசல்துறையில் நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் கூடிய கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



பசளைப் பையொன்றை வாங்கும்போது அதன் விலையையும் நிறையையும் பார்க்கின்றோம். நைதரசன் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பையில் எழுதியிருப்பதையும் சிலர் படிப்பதுண்டு. அது நீரில் எவ்வளவு கரையும் என்று கேட்பவர் மிகச் சிலரே. மணல் நிலத்தில் தோட்டஞ் செய்யும் நமக்கு இக்கேள்வியே முதன்மையானது. வேர் எதனையும் மென்று தின்பதில்லை. நீரிற் கரைந்ததையே உறிஞ்சுகின்றது. ஆகவே கரையாத பசளை இப்போகத்துப் பயிருக்கு உதவாது. கரைந்த பசளையோ நீர் போகுமிடமெல்லாம் போகும். நம்மூர் மணலில் நீர் போய்ச் சேருமிடம் கிணறு.

கரைதிறன் என்பது யாது? பாலாவியிலும் புத்தளத்தைச் சூழ்ந்த பிறவிடங்களிலும் உப்பு விளைவிப்போர் இதனை நூலிற் படியாமலே அறிந்தவர்கள். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. பாத்தியிற் கட்டிய நீர் வெயிலில் வற்றி, ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகச் சுருங்கும் வேளையில் ஜிப்சம் அடியிற் படிகின்றது. கறியுப்பு அப்போதும் கரைந்தே நிற்கும். நீர் பத்திலொரு பங்கானதன் பின்னரே உப்புப் படிகங்கள் தோன்றுகின்றன. மேலும் வற்றவிட்டால் மகனீசிய உப்புக்களும் சேர்ந்து கைப்பேற்றும் என்பதற்காக எஞ்சிய நீரை வடித்து அகற்றிவிடுகின்றனர். பாத்தி ஒன்றே, வெயிலும் ஒன்றே. எனினும் ஒவ்வொரு பொருளும் தன் முறை வந்தபோதே படிகின்றது. அம்முறையை விதிப்பது கரைதிறன். ஒரு லீற்றர் நீர் 360 கிராம் கறியுப்பைக் கரைத்துத் தாங்கும். ஜிப்சமாயின் இரண்டரைக் கிராம் அளவே தாங்கும். இனிமேற் கரைக்கவியலாது என்னும் நிலையை அடைந்த நீரை நிரம்பிய கரைசல் என்பர்.

இதனை வீட்டிலேயே அளக்கலாம். கிராமில் பத்திலொரு பங்கைக் காட்டும் சிறு மின்தராசு ஒன்று, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், வடிதாள், ஒரு தட்டு ஆகியன போதும். வடிதாள் கிடையாவிடின் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை நான்காக மடித்துக்கொள்ளலாம். முதலிற் கறியுப்பைக் கொண்டு பழகுங்கள். போத்தலிலே தெளிந்த மழைநீரை விட்டு, அடியில் உப்புத் தங்கும்வரை இட்டுக் குலுக்குக. அவ்வளவில் நின்றுவிடலாகாது. ஒரு நாள் முழுதும் இடையிடையே குலுக்கி, அடியிற் கரையாத உப்பு அப்போதும் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். அஃது இல்லையெனில் நீர் இன்னும் நிரம்பவில்லை. பின்னர் வடித்தெடுத்த தெளிவில் சரியாக 100 மில்லிலீற்றரை நிறுத்தால் ஏறத்தாழ 120 கிராம் காட்டும். அதனைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவைத்து, நிறை இனிக் குறையாது என்னும் வரை மீண்டும் மீண்டும் நிறுக்குக. எஞ்சிய உப்பு 32 கிராமுக்குச் சற்றுக் குறைவாயிருக்கும். அப்படியாயின் நீரின் நிறை 88 கிராம். 88 கிராம் நீரில் 32 என்றால் 100 கிராம் நீரில் 36. உங்கள் கணக்கு இவ்வெண்ணுக்கு அண்மையில் வந்தால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம். கரைசலின் 100 மில்லிலீற்றர் வேறு, நீரின் 100 கிராம் வேறு என்பதை மறவாதீர்கள். பலர் தடுமாறுவது இவ்விடத்திலேயே.

பசளைக்கு வரும்போது சில எச்சரிக்கைகள் உள. சமையற் பாத்திரத்தை இதற்கு எடுக்கலாகாது; எடுத்தால் மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுபோகலாகாது. பசளைக் கரைசலை அடுப்பில் வைத்து வற்றவைத்தல் கூடாது. யூரியா வெப்பத்திற் சிதைந்து அமோனியாவை விடும். நைத்திரேற்று வகைகள் தீயை மூட்டி வளர்க்கும். யூரியா கடற்காற்றின் ஈரத்தையும் வாங்கிக்கொள்வதால் வெயிலிலும் செவ்வையாகக் காயாது. அதற்கு வேறு வழி உண்டு. 100 கிராம் நீரை எடுத்து, நிறுத்த யூரியாவை ஐந்தைந்து கிராமாக இட்டு, ஒவ்வொரு முறையும் முற்றாகக் கரைந்த பின்னரே அடுத்ததை இடுக. பாத்திரம் சில்லென்று குளிர்வதை உணர்வீர்கள். யூரியா கரையும்போது நீரின் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றது. குளிர்ந்த நீரிற் கரைவது குறைவு. ஆதலால் பாத்திரம் மீண்டும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும். தாங்கியிலே யூரியா கரையவில்லை, சரக்குக் கலப்படம் என்று அவசரப்பட்டுக் கடைக்காரரோடு வாதிடப் புறப்படுமுன் அரைமணி நேரம் காத்திருத்தல் நன்று.

இனி, கரையாத பக்கத்தை முதலில் நோக்குவோம். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே 1971ஆம் ஆண்டிற் பாறைப் பொசுபேற்றுப் படிவு கண்டறியப்பட்டது. அது சுமார் ஆறு கோடி தொன் என மதிப்பிடப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அம்மாதங்களிற் பசளை தேடி அலைந்த எவருக்கும், நம் நாட்டிலேயே இத்துணைப் பொசுபேற்று இருக்க நாம் ஏன் பிறநாட்டை நம்பியிருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். நியாயமான கேள்வியே. விடை கரைதிறனில் உள்ளது. எப்பாவலைக் கல்லின் தூளிலே பொசுபரசு ஐயொட்சைட்டு என்னும் கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கும் அதற்கு மேலும் உண்டு. ஆயின் நீரில் அது ஏறக்குறைய கரைவதேயில்லை. வேர் கசியும் மெல்லிய அமிலத்துக்கு ஒப்பாக ஆய்வுகூடத்தில் நூற்றுக்கு 2 பங்கு சித்திரிக்கமிலக் கரைசலைக் கொண்டு சோதிக்கும்போதும், தூளின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு அளவே கரைந்து வருகின்றது.

இதனால் அக்கல் பயனற்றதென்று எண்ணிவிட வேண்டாம். ஈரவலயத்துப் புளிப்பு மண்ணிலே, பல்லாண்டு நின்று பயன்தரும் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது மெல்ல மெல்லக் கரைந்து உணவாகின்றது. தென்னைக்கும் அதனை இடுகின்றோம். மரம் காத்திருக்கும். மூன்றரை மாத நெல்லும் அறுபது எழுபது நாள் வெங்காயமும் காத்திருக்குமா? சிப்பித்தூள் கலந்து காரத்தன்மை கொண்ட கரையோர மணலிலோ கரைதல் இன்னும் தாமதப்படும். இதனைக் கண்ணாலே காண விரும்புவோர், 10 கிராம் கற்றூளை ஒரு லீற்றர் நீரிலிட்டு ஒரு நாள் குலுக்கி, வடித்து, வடிதாளில் எஞ்சியதைக் காயவைத்து நிறுத்துப் பார்க்கலாம். வடிதாளை முன்கூட்டியே நிறுத்து வைத்திருத்தல் அவசியம். இட்ட தூளில் ஏறத்தாழ முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

இதே கல்லைக் கரையும் பொருளாக மாற்றும் வழி புதியதன்று. இங்கிலாந்திலே யோன் பெனற் லோசு என்பார், பொசுபேற்றைக் கந்தகவமிலத்தோடு சேர்த்துச் சுப்பர் பொசுபேற்று ஆக்கும் முறைக்கு 1842இல் உரிமம் பெற்றார். நாம் ரி.எஸ்.பி. என்று வாங்குவது பாறைப் பொசுபேற்றைப் பொசுபோரிக்கமிலத்தாற் பதப்படுத்திப் பெற்றதாகும். அதிலும் 10 கிராமை ஒரு லீற்றரிற் கரைத்து வடித்துப் பாருங்கள். பெரும்பகுதி கரைந்துபோய்ச் சிறு கசடு எஞ்சும். அக்கசடு இயல்பானதே. செந்நிற எம்.ஓ.பி.யைக் கரைக்கும்போது மிதக்கும் சிவந்த படையும் அவ்வாறே. அது இரும்பின் கறை, கலப்படமன்று. ஆனால் எம்.ஓ.பி. என்று விற்கப்பட்ட சரக்கிலே, போதிய நீர் விட்டும் பல கிராம் மணல் போன்ற பொருள் எஞ்சுமாயின், அப்பையையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு எம்மிடம் வாருங்கள். நல்ல எம்.ஓ.பி. ஒரு லீற்றர் நீரில் 340 கிராம் வரை கரையவல்லது. 10 கிராம் கரையாதிருக்க நியாயமில்லை.

தூவல் நீர்ப்பாசனத்தோடு பசளை விடுவோர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். தனித்தனியே நன்றாகக் கரையும் இரு பசளைகள் ஒன்றுசேர்ந்ததும் கரையாப் பொருளைப் பிறப்பித்தல் உண்டு. கல்சியம் நைத்திரேற்றையும் அமோனியம் சல்பேற்றையும் ஒரே பீப்பாயிற் செறிவாகக் கலந்தால் நீர் பால்போற் கலங்கும். கலங்கச் செய்வது உப்பளத்து அடியிற் கறியுப்புக்கு முன் படியும் அதே ஜிப்சமே. அது தூவியின் துவாரத்தை அடைத்துவிடும். பசளைக்கும் நட்டம், குழாய்க்கும் நட்டம். பீப்பாயிற் கலக்குமுன் கண்ணாடிக் குவளையிலே அதே விகிதத்திற் சிறிதளவு கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

இப்பொழுது கரையும் பக்கத்துக்கு வருவோம். எனக்கு அதிக கவலை தருவது இப்பக்கமே.

யூரியா ஒரு லீற்றர் நீரில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகவே கரையும். 50 கிலோகிராம் பையொன்றைக் கரைக்க ஏறத்தாழ 50 லீற்றர் நீர் போதும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4,000 லீற்றர். அஃதாவது, செருப்பு நனையும் தூறலே அப்பை முழுவதையும் கரைக்க வேண்டியதைப்போல் எண்பது மடங்கு நீரைத் தந்துவிடுகின்றது. ஆகவே யூரியா கரையுமா என்ற கேள்வி நமக்கில்லை. கரைந்தது எங்கே நிற்கும் என்பதே கேள்வி. களிமண்ணும் உக்கலும் உள்ள நிலத்தில், யூரியா சில நாளில் அமோனியமாக மாறி மண்துணிக்கையைப் பற்றிக்கொள்ளும். பின்னர் அது நைத்திரேற்றாக மாறும்போது அப்பிடி விட்டுப்போகும். நைத்திரேற்றை மண் பிடித்துவைப்பதில்லை. நம் மணலிலோ பற்றிக்கொள்ளக் களியுமில்லை, உக்கலும் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையோடும், அளவுக்கு மிஞ்சிய இறைப்போடும் அது நேரே கீழிறங்கி, கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையிற் கலக்கின்றது. தோட்டத்துக்கு இறைப்பதும் அந்நீரே. வீட்டிற் குடிப்பதும் அந்நீரே.

கற்பிட்டிக் குடாநாட்டு நிலத்தடி நீரை 1980களில் ஆராய்ந்தவர்கள், செறிவாகப் பயிரிடப்படும் நிலங்களின் கீழ் நைத்திரேற்று எல்லை கடந்திருக்கக் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இதனை நைதரசனாகக் கணித்தால் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு யூரியாப் பையில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அது முழுதும் நிலத்தடி நீரைச் சேருமாயின் இருபது இலட்சம் லீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதும். 5 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் 59,000 லீற்றர் அளவே கொள்ளும். அத்தகைய முப்பதுக்கு மேற்பட்ட கிணறுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பயிர் ஒரு பகுதியை உண்ணும் என்பது மெய்யே. பாதி இறங்கினாலும் பதினைந்து கிணறுகளுக்கு மேல் ஆகின்றதே!

இதனால் முதலில் தாக்குறுவது பால்மாக் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி, நைத்திரேற்று மிகுந்த நீரால் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உதடும் நகமும் நீலம் பூக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் தீருமே என்பர் சிலர். தீராது. தட்டில் உப்பு எஞ்சியதைப் பார்த்தோமல்லவா? நீரே ஆவியாகின்றது, நைத்திரேற்றும் உப்பைப்போல் எஞ்சி, இருக்கும் நீரில் இன்னுஞ் செறிவாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்கும் தெரியாது.

செய்யவேண்டியது யாதெனில், திணைக்களம் விதந்துரைத்த அளவுக்கு மேற் போகாது, அவ்வளவையும் பல கூறாக்கிச் சிறிது சிறிதாக இடுதலாகும். மணலில் இருமுறை இடுவதை நான்கு முறையாக்கினால் வேலை கூடும், கூலியும் கூடும். அதனை மறுக்கவில்லை. எனினும் பையின் விலையையும் கிணற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவ்வேலை வீணன்று. மழை கறுத்து வரும் நாளிற் பசளை வீசாதீர்கள். பசளையிட்ட பின் வேர் நனையும் அளவுக்கு மட்டும் இறையுங்கள். மக்கிய சாணமும் இலைக்குழையும் அமோனியத்தைச் சிறிதளவாவது பிடித்துவைக்கும். ஆனால் சாணத்திலுள்ள நைதரசனும் முடிவில் நைத்திரேற்றாகவே மாறுவதால், அதனையும் கிணற்றோரத்திற் குவித்து வைக்கலாகாது. வயற்காரர் யூரியா வீசுமுன் நீரை மட்டுப்படுத்தி, வீசியபின் சில நாளுக்கு வாய்க்காலை அடைத்து வரம்பால் நீர் வழியாது காத்தல் வேண்டும். வழியும் நீரோடு யூரியாவும் வழியும்.

நைத்திரேற்றை நாம் வீட்டுத் தராசினால் அளக்க இயலாது. கிணற்று நீரை வற்றவைத்தால் எஞ்சுவது எல்லா உப்புக்களும் கலந்த படிவே. அதில் எது எவ்வளவு என்று தட்டுச் சொல்லாது. ஆய்வுகூடத்துக்கு அனுப்புதலே வழி. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் இச்சோதனை செய்யப்படுகின்றது. வீட்டிற் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ளவர்கள் முதலிற் செய்யுங்கள். ஒரு லீற்றர் குடிநீர்ப் போத்தலைச் சவர்க்காரமிடாது அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி, காற்றின்றி மூடுக. கிணறு இருக்குமிடத்தையும் நீர் எடுத்த நாளையும் நேரத்தையும் ஒட்டுச்சீட்டில் எழுதுக. வெயில் படாது குளிரில் வைத்து, ஒரு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். மழைக்கு முன் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் எடுத்தால், பசளை எப்போது இறங்குகின்றது என்பதும் தெரியவரும்.