வட்டியையும் கூட்டிக்கொண்டு குடிபோகலாம்

ரொறன்ரோவில் அடமான முகவராக வேலை செய்கிற எனக்கு, 2023 இலையுதிர் காலத்தில் ஒரு தங்கச்சி தொலைபேசி எடுத்தா. ஸ்காபரோவில் சின்ன வீடு. மூன்றாவது பிள்ளை பிறக்க இருக்குது. ஏஜக்ஸில் பெரிய வீடு பார்த்தாயிற்று.

"அண்ணை, மோட்கேஜை இடையில உடைச்சா பெனால்ட்டி எவ்வளவு வரும்?"

அவ கேட்டது இது ஒன்றைத்தான். கடதாசிகளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 2021 இல் எடுத்த ஐந்து வருட நிலையான வட்டி, 1.8 வீதம். மீதிக் கடன் 4 லட்சம் டொலர். நிலையான வட்டிக் கடனை இடையில் முறித்தால் மூன்று மாத வட்டி, அல்லது சந்தை வட்டி உங்கள் வட்டியை விடக் குறைந்திருந்தால் அந்த வட்டி வித்தியாசம், இரண்டில் எது கூடவோ அதை வங்கி எடுக்கும். சந்தை வட்டி ஏறிக் கிடந்ததால் வித்தியாசத்துக்கு இடமில்லை. மூன்று மாத வட்டி 1,800 டொலர்தான். அவவுக்கு நிம்மதி. எனக்கோ நெஞ்சு பதறியது.

ஏன் தெரியுமா? 2022 மார்ச் வரை 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதத்துக்குப் போய்விட்டது. வீட்டுக் கடன் கிட்டத்தட்ட 6 வீதம். அந்த 4 லட்சத்தை 1.8 இலிருந்து 6 க்கு மாற்றினால் வருடத்துக்கு 16,800 டொலர் கூடுதல் வட்டி. பெனால்ட்டியைப் பார்த்துப் பயப்படுகிற நாங்கள் இதைப் பார்ப்பதில்லை.

"தங்கச்சி, உடைக்க வேண்டாம். கடனையும் கூடக் கொண்டுபோங்கோ" என்றேன். போர்ட்டிங் என்பது இதுதான். அதே வங்கி, அதே வட்டி, வேறு வீடு.

"அண்ணை, எங்களுக்கு 6 லட்சம் வேணுமே?"

பேனையும் கடதாசியும் பக்கத்தில் இருந்தால் எடுங்கோ, நேயர்களே. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பழைய 4 லட்சத்துக்கு 1.8 வீதம், வருட வட்டி 7,200. புதிதாகக் கேட்கும் 2 லட்சத்துக்கு 6 வீதம், 12,000. கூட்டினால் 19,200. அதை 6 லட்சத்தால் பிரியுங்கோ. 3.2 வீதம்! ஊரே 6 கட்டும்போது அவவுக்கு 3.2. பழைய தவணை முடிய இரண்டரை வருடம் இருந்தது. ஏறக்குறைய நாற்பதாயிரம் டொலர் அந்தக் குடும்பத்தின் கையிலேயே நின்றது.

ஆனால் இது தானாக நடக்காது. வங்கி வருமானத்தைத் திரும்பவும் முழுதாகப் பார்க்கும். உங்கள் வட்டியோடு 2 வீதம் கூட்டி, அல்லது 5.25 வீதம், எது கூடவோ அதைக் கட்டும் வல்லமை இருக்க வேண்டும். அவவின் கணவர் வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்க இருந்தார். "திறப்பு கைக்கு வரும்வரை பொறுங்கோ தம்பி" என்று மன்றாடினேன். பொறுத்தார்.

அடுத்தது நாள் கணக்கு. பழைய வீட்டைக் கொடுப்பதற்கும் புது வீட்டை எடுப்பதற்கும் இடையில் சில வங்கிகள் 30 நாள்தான் தரும், சில 120 வரை போகும். இன்னொரு ஐயா நல்ல விலைக்கு வீட்டை விற்றார். அவர் வாங்கிய புது வீடு கட்டி முடியப் பிந்திவிட்டது. நாள் கடந்தது, 2 வீதத்துக்கும் குறைந்த வட்டி போயிற்று. அந்தக் குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும். மாறும் வட்டிக் கடன்களைப் பெரும்பாலும் இப்படிக் கொண்டுபோக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சியிடம் வங்கி அந்த 1,800 டொலர் பெனால்ட்டியை முதலில் எடுத்துவிட்டு, புது வீடு பதிவானதும் திருப்பிக் கொடுத்தது. பனி கொட்ட முன்னமே குடிபோய்விட்டார்கள்.

நேரம் முடிகிறது. வீட்டை விற்பனைக்குப் போடுவதற்கு முதல்நாள் உங்கள் வங்கிக்கு எடுத்து, "என்ர கடனைக் கொண்டுபோகலாமோ, எத்தனை நாள் தருவீங்கள்?" என்று கேளுங்கோ. பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கோ.